வராத நோய்க்கு ஊசி போடுகிறவள்

வந்த நோய்க்கு ஊசி போட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வராத நோய்க்கு ஊசி போட்டால் முறைப்பார்கள். எங்கள் நர்ஸ் உத்தியோகத்தில் பாதிப் பாடு இதுதான். மழை வராத நாளில் குடையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிண்டல் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், நீங்களும் நம்ம கட்சி.

திருத்தணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் இருக்கிறேன். இடுப்பும் காலும் உடைந்து ஆபரேஷன் ஆனவர்கள் நாள்கணக்கில் படுத்தே கிடப்பார்கள். அசையாத காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும். அப்படி உறையாமல் இருக்கத்தான் தினம் ஒரு ஊசி, தொப்புளுக்குப் பக்கத்தில். ஆனால் அந்த ஊசி போட்டவருக்கு எங்காவது ரத்தம் கசிய ஆரம்பித்தால் சுலபத்தில் நிற்காது. யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது என்று டாக்டரம்மா முடிவு செய்வார். நாங்கள் கேட்டு எழுதித் தரும் விவரத்தை வைத்துத்தான்.

சுலோசனாக்கா கையெழுத்துப் போட்டார்

பள்ளிப்பட்டு சுலோசனாக்காவுக்குத் தொடை எலும்பில் ஆபரேஷன். இரண்டு ஊசியில் வயிறு அங்கங்கே நீலம் பாரித்ததைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் நைட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கெஞ்சினேன், டாக்டரம்மா திட்டினார். மசியவில்லை. ஊசி வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் கெண்டைக்கால் வீங்கியது. மத்தியானம் மூச்சு வாங்கியது. ஆம்புலன்சில் சென்னைக்கு ஏற்றிவிட்டு வந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. மலைமேல் இருக்கிறவர் புண்ணியம், சென்னை டாக்டர்கள் புண்ணியம், பிழைத்து வந்தார். அடுத்த செக்கப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே எவளாச்சும் ஊசி வாணாம்னா என் நம்பரக் குடு சிஸ்டர், நான் பேசிக்கிறேன்."

வார்டில் முடி காணிக்கை

அம்மையார்குப்பம் முனிரத்தினம் கைத்தறி நெசவாளி. இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மலையில் மொட்டை போடுவதாக வேண்டுதல். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அவரை "பாவா" என்று கூப்பிடும் மச்சான் பாபுவுக்குப் பொறுமை இல்லை. "பாவாவ எப்போ மலைக்குத் தூக்கினு போறது?" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், நான்காம் நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், ஒரு நாவிதரைக் கூட்டிவந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். முடியை மஞ்சள் துணியில் கட்டி மலையில் சேர்த்துவிடலாம் என்று திட்டம்.

பக்கத்து அறைக்கு மாத்திரை கொடுக்கப் போயிருந்த நான் திரும்பி வந்தால், அரை மொட்டையோடு முனிரத்தினம், காதுக்குப் பின்னால் சின்னக் கீறல், துண்டெல்லாம் ரத்தம். பஞ்சை வைத்து அழுத்தினேன். கை மரத்துப்போயிற்று, ரத்தம் நிற்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாவிதர் கேட்டார்: "எத்தினி தலை பாத்துகிறேன், இப்பிடி நிக்காத ரத்தம் பாத்ததில்ல. உள்ள இன்னாங்க ஊத்தி வெச்சுகிறீங்க?"

நான் போட்ட டிக்

அழுத்திக்கொண்டு நிற்கும்போது அவர் மனைவி காந்தம்மா அழுகையோடு சொன்னார்: "ரெண்டு மாசம் முன்னாடி மூட்டு வலிக்கு மாத்திர தின்னுகினு இருந்தாரு. அப்போ வெளிய போறது தார் மாரி கருப்பா போச்சு. வேற ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்தினாங்க."

கருப்பாகப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். சேர்க்கும்போது "அல்சர் இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். டிக் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அந்த டிக்கை நம்பித்தான் நாலு ஊசி போயிருக்கிறது.

ஒருவழியாக ரத்தம் நின்றதும் கட்டுப் போட்டுவிட்டு, டாக்டரம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். திட்டவில்லை. "ஊசிய தொடர்ந்தா வயித்துல கசியும். நிறுத்தினா கால்ல கட்டும். எது சின்ன ஆபத்துன்னுதான் பார்க்கணும்" என்று கேஸ் ஷீட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார். எனக்கு சுலோசனாக்காவின் கெண்டைக்கால் கண்ணுக்குள்ளேயே நின்றது. கடைசியில் ஊசியை நிறுத்தினார். வயிற்றுக்கு மருந்து, தினம் ரத்தப் பரிசோதனை, காலை அமுக்கி விடும் காற்று உறை, மறுநாளே வாக்கரில் நடை. கூடவே ஒரு கண்டிப்பு, வார்டுக்குள் சவரக்கத்தி கூடாது. வெளியே வந்து காந்தம்மாவிடம், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எலும்பு டாக்டராண்ட வயித்து சமாச்சாரம் எதுக்குன்னு இருந்துட்டேன். நீங்க கேட்டது நோவோட பேரு சிஸ்டர், எனக்குத் தெரிஞ்சது நெறம்."

படுக்கையில் ஓடிய தறி

மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னால் முனிரத்தினம் மறந்துவிடுவார். வெறும் காலை ஆட்ட வெட்கமாம். தறியில் மிதியை மிதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவ்வளவுதான். அரை மொட்டைத் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு, இரண்டு காலாலும் இல்லாத தறியை மிதித்தார். "உடல் முடிஞ்சிது சிஸ்டர், முந்தானைக்கு வந்துட்டேன்" என்று சேலைக் கணக்குச் சொல்வார். நான் காலையில் முதல் வேலையாக டேப் வைத்து அவர் கெண்டைக்காலை அளப்பேன். அளந்து முடிக்கும்வரை மூச்சுவிட மாட்டேன். கால் வீங்கவில்லை. பரிசோதனையில் ரத்த அளவும் குறையவில்லை. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார்.

ஒரு மாதம் கழித்து வாக்கரில் வந்து நின்றார். வேனில் மலையேறி, மிச்சப் பாதியையும் எடுத்து, தலை முழுக்கச் சந்தனம். விபூதிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். இத்தனை வருஷ வேலையில் யாரும் எனக்குச் சொல்லாததைச் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமே ஆவல சிஸ்டர். அதுக்குத்தான் தேங்க்ஸ் சொல்ல வந்தேன்."

ஆகவே நீங்கள் எப்போதாவது எங்கள் வார்டுக்கு வந்தால், சாப்பிட்டீர்களா என்று கேட்கும் முன்பே வெளியே போனது என்ன நிறம் என்று கேட்பேன், கோபித்துக்கொள்ளாமல் நிறத்தைச் சொல்லிவிடுங்கள்.