அறுபத்தோராம் பக்கத்துக் குண்டூசி

என்னிடம் இருக்கும் அந்தப் பழைய நாடகப் புத்தகத்தில், அறுபத்தோராம் பக்கம் தொடங்கி நான்கு தாள்களின் மேல்மூலையில் இரண்டு துளைகள் இருக்கும். சுற்றிலும் துரு ஏறிப் பழுப்பாகிவிட்டது. குண்டூசி குத்திய தடம். குத்தியவள் நான்தான். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு தாள் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டால் கை தானாகக் குண்டூசியைத் தேடும். ஆனால் இது கைப்பழக்கத்தில் குத்தியது அல்ல. யோசித்து, வேண்டுமென்றே குத்தியது.

தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய தெரு ஒன்றில் எங்கள் கிளை இருந்தது. அங்கே டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரை நாங்கள் எல்லோரும் ஆபரேட்டர் சார் என்றுதான் கூப்பிடுவோம். பிறவியிலேயே பார்வை இல்லை. என் வயதுதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு போர்டு, ஒரு மின்விசிறி. அதுதான் அவருடைய ராஜ்யம். மணி இரண்டாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். பட்டினப்பாக்கத்துக்காரர், அம்மா மீன் விற்று வளர்த்தவர். பேச்சில் பட்டினப்பாக்கம் அப்படியே இருக்கும். தபால் வழியில் படித்துக்கொண்டிருந்ததோ எம்.ஏ. தமிழ். அவருக்கு அந்தப் போர்டை விட்டு எழுந்து போக வேண்டும், வகுப்பில் நின்று பாடம் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரியில் பேசியும் வைத்திருந்தார். பரீட்சையில் தேறிய சான்றிதழோடு ஜூன் மாதம் வாருங்கள், இடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

பாடத்தில் ஒரு தாள் முழுக்க நாடகம். குடி, குழந்தைத் திருமணம், கோயில் நுழைவு என்று ஊர் திருந்துவதற்காக எழுதப்பட்ட பழைய மேடை நாடகங்கள். படித்துக் காட்ட ஆள் வேண்டும் என்றார். மதியம் இரண்டிலிருந்து இரண்டரை வரை எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். தயிர்சாதத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நான் போய் உட்காருவேன். எனக்கும் அது பிடித்திருந்தது. கள்ளுக்கடைக்காரன் வசனத்தை நான் கட்டைக்குரலில் படித்தால், கேஷியர் பதறிப்போய் எட்டிப் பார்ப்பார். யார் உள்ளே வருகிறார், யார் எங்கே நிற்கிறார் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பதை நான் விட்டுவிட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

“ப்ராக்கெட்டுல கீறதையும் படிங்க மேடம். யாரு எங்க நிக்கறான்னு தெரிலன்னா அப்புறம் இன்னா நாடகம்?”

நடுவில் போன் வரும். கையை உயர்த்தி என்னை நிறுத்துவார், பேசுவார், இணைப்புக் கொடுப்பார். பிறகு, “‘கதவைச் சாத்து’ன்றதுல நின்னீங்க, அங்கேர்ந்து படிங்க” என்பார். ஒரு நாளும் அவருக்கு இடம் தவறியதில்லை. புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் எனக்குத்தான் தவறும்.

கடைசி நாடகம் பெண்ணுக்கு வரதட்சணை கொடுக்க முடியாத ஒரு தகப்பனைப் பற்றியது. தூரத்து உறவில் கண் தெரியாத ஒருவன் இருக்கிறான். கொஞ்சம் நிலம் உண்டு. அவன் தலையில் பெண்ணைக் கட்டிவிடத் தகப்பன் திட்டம் போடுகிறான். முதல் இரண்டு அங்கங்களிலும் அந்தக் கண் தெரியாதவன் கூடத்து மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். மூன்றாம் அங்கத்தை நான் மந்தைவெளியிலிருந்து வரும் பஸ்ஸில் புரட்டிப் பார்த்தேன். தகப்பன் மனைவியிடம் சொல்கிறான்: “நகையும் கேட்கமாட்டான், முகமும் பார்க்கமாட்டான். குருடனுக்கு எந்தக் கழுதையைக் கட்டினால் என்ன?”

இதை அந்த மனிதர் எதிரில் உட்கார்ந்து, என் வாயால், குரல் வேறு மாற்றி எப்படிப் படிப்பது? அதற்கு மேல் நான் படிக்கவில்லை. காட்சி எங்கே முடிகிறது, அடுத்தது எப்படித் தொடங்குகிறது என்று மட்டும் பார்த்தேன். அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்த நான்கு தாள்களையும் சேர்த்துக் குண்டூசி குத்தினேன். மதியம் அந்த இடம் வந்தபோது, “அடுத்த காட்சியில் கல்யாணம் நின்னு போயிருக்கு சார்” என்று ஒட்டுப்போட்டுவிட்டு மேலே படித்தேன்.

நாடகம் முடிந்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, “அந்தக் கண்ணு தெரியாத ஆளுக்கு ஒரு டயலாக்கூட எழுதல பாத்தீங்களா மேடம்? சும்மா குந்த வச்சே அனுப்பிட்டாரு” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குண்டூசியை எடுக்க ஒரு நொடி ஆகியிருக்குமா? “ஆமாம் சார்” என்றேன்.

பரீட்சைக்கு மறுநாள் நான் சாப்பிட்டுவிட்டுப் போனபோது, அவர் போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “மேடம், அந்த நாடகத்துல கண்ணு தெரியாதவன் எழுந்து பேசறானாமே. பெரிய கேள்வியே அதான். அவன் பேசவே மாட்டான், அதான் எழுதனவரு செஞ்ச தப்புன்னு நான் அஞ்சு பக்கம் சொல்லி எழுத வச்சிக்கினு வந்தேன்” என்றார். குரலில் கோபமில்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குருடன் என்று ஒரு வசவு வருகிறது, அந்தத் தாள்களைக் குண்டூசி குத்தித் தாண்டிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று நினைத்தேன் என்றேன்.

“கஷ்டமா இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிக்கினீங்க. அந்த வார்த்தைய நான் பஸ் ஏறும்போது, எறங்கும்போது தெனிக்கும் கேக்கறேன் மேடம். அதுக்கு பதில் சொன்ன ஆளத்தான் இதுவரிக்கும் கேட்டதில்ல. படிங்க.”

குண்டூசியைப் பிடுங்கிவிட்டுப் படித்தேன். தகப்பன் சொன்னதை ஒரு சொல் விடாமல் படித்தேன்; அவர் அசையவே இல்லை. கண் தெரியாதவன் மூலையிலிருந்து எழுந்திருக்கிறான், அடைப்புக்குறிக்குள். “நீங்கள் ரகசியம் பேசுவதாக நினைக்கிறீர்கள். எனக்குக் கண்தான் தெரியாது. உள்ளே அந்தப் பெண் அழுவது காலையிலிருந்து எனக்குக் கேட்கிறது. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்த உங்களுக்குத்தான் கேட்கவில்லை” என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கம் பேசிவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லித் தன் கோலைத் தேடி எடுத்துக்கொண்டு போகிறான். நாடகத்திலேயே அதைப்போல ஒரு பேச்சு கிடையாது. வசவை மறைக்கப்போய் அதற்கு வந்த பதிலையும் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன். நடுவில் போன் அடித்தது. அவர் கையை உயர்த்தவில்லை. அடித்து அடித்து நின்றது. மேனேஜர் மாடியிலிருந்து கத்தினார். “படிங்க” என்றார் ஆபரேட்டர் சார்.

அந்தத் தாளில் அவர் தவறிவிட்டார். கல்லூரிக்காரர்கள் ஜூன் மாதம் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு எழுதித் தேறினார், ஆனால் அந்த மாதிரி இடம் பிறகு அமையவில்லை. வங்கியிலேயே ஓய்வு பெற்றார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னைத் தொடர்ந்து படிக்கவும் வைத்தார். ஒன்று மட்டும் மாறியது. எந்தப் புத்தகத்தையும் என்னிடம் கொடுப்பதற்கு முன், கட்டைவிரலால் தாள்களின் ஓரத்தை ஒரு தடவை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அவருக்கு நான் செய்தது வெறும் தவறு அல்ல, அநியாயம். ஒவ்வொரு தடவை அந்த விரல் நகரும்போதும் அது எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஒரு வாரம் எழுத்துப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். கணவர் காலமானபின் எனக்குத் துணையே புத்தகங்கள்தான். ஆபரேட்டர் சார் இப்போது ஆதம்பாக்கத்தில் மகளோடு இருக்கிறார். விஷயம் தெரிந்து போன் செய்தார். “சும்மா இன்னா பண்ணிக்கினு இருப்பீங்க? நான் படிக்கறேன், கேளுங்க” என்றார். அதே நாடகத்தைப் பிரெய்லில் அடித்து வாங்கி வைத்திருக்கிறாராம். தினமும் மதியம் இரண்டு மணிக்கு அழைப்பார். நான் கறுப்புக் கண்ணாடியோடு, படிக்கவே முடியாத என் பழைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன்.

இரண்டாம் அங்கத்தில் ஒரு விதவை அத்தை வருகிறாள். பெண்ணின் அழுகைச் சத்தம் கேட்டுக் கூடத்துக்கு வந்து நிற்கும் அவளைப் பார்த்துத் தகப்பன் ஒன்று சொல்வான். அன்று வங்கியில் அந்த வரியை நான் துளியும் தயங்காமல், கட்டைக்குரலில், ரசித்துப் படித்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். குண்டூசியின் நினைப்பே வரவில்லை.

அந்த இடத்தில் அவர் குரல் நின்றது. தாளின்மேல் விரல் நகரும் சத்தமும் நின்றது. நான் காத்திருந்தேன். பிரெய்லில் தாளைத் தாண்டிப் போனால் எனக்கு எப்படித் தெரியும்?

“படிங்க சார்” என்றேன்.

“படிக்கறேன் மேடம். மூச்சு வுட்டுக்கினேன்.”

படித்தார். “மங்கல காரியம் பேசும் இடத்தில் தாலியறுத்தவளுக்கு என்ன வேலை? உள்ளே போ.” ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை. எனக்கு வலித்தது, மறைப்பானேன். அடுத்து அத்தையின் பதிலைப் படித்தார். “இது நீ கட்டிய வீடு இல்லை அண்ணா, நான் பிறந்த வீடு. நான் இங்கேதான் நிற்பேன்.” முப்பது வருடத்துக்கு முன் என் வாயாலேயே படித்த வரி, காதில் விழுந்தது இப்போதுதான்.

மடியில் இருந்த புத்தகத்தின் மூலையை விரலால் தடவினேன். இரண்டு துளைகளும் கையில் தட்டுப்பட்டன. அவர் மூன்றாம் அங்கத்துக்குப் போய்விட்டிருந்தார்.