என் தாளை மட்டும் கேட்காதீங்க, டாக்டரம்மா

மனுசங்க குணத்துக்கு மார்க் போடுறது என் வேலை. ஆரப்பாளையத்துல ஒரு மனநல கிளினிக்குல கேள்வித்தாள் கொடுத்து, டிக் அடிச்சதைக் கூட்டி, யாருக்கு எந்தக் குணம் எம்புட்டுன்னு டாக்டரம்மாவுக்கு எழுதிக் கொடுப்பேன். போன் அடிக்கிறப்ப எடுக்காம, நின்னதும் 'கூப்பிட்டீங்களா?'ன்னு மெசேஜ் போடுற ஆளா நீங்க? வாங்க, நம்ம கூட்டந்தான்.

முதல் தாள்

அடுத்தவங்களுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி நம்ம தாளை நாமளே எழுதணும், அதுதான் அங்க வழக்கம். எழுதினேன். நாலு பேரு என்ன நினைப்பாங்களோன்னு பயந்து ஒதுங்குற குணம், 'இதுக்கு மேல போனா டாக்டர் பார்க்கணும்'னு தாள்ல போட்டிருக்குற கோட்டையும் தாண்டி நின்னுச்சு. இதைப் பார்த்தா வேலையில வச்சிருப்பாங்களா? மடிச்சு ஹேண்ட்பேக்குக்குள்ள திணிச்சுட்டு, இன்னும் முடிக்கலைன்னு புளுகினேன். டாக்டரம்மா சிரிச்சாங்க. "அவசரமில்லம்மா, மெதுவாக் கொடு."

வரப்பு

சமயநல்லூர் விவசாயி ஒருத்தரை, யாரையும் நம்ப மாட்டேங்கிறாருன்னு அவர் சம்சாரம் கூட்டிட்டு வந்தாங்க. சந்தேகத்துக்கு எக்கச்சக்க மார்க். மார்க்கை மட்டும் பார்த்து 'கோளாறு'ன்னே எழுதிட்டேன். டாக்டரம்மா அதை அடிச்சுட்டு, ஏன்னு அவர்கிட்டயே கேட்கச் சொன்னாங்க. கேட்டேன்.

"கூடப்பிறந்தவனே ரெண்டு தடவை வரப்பை நகட்டிட்டான் தாயி, இன்னும் யாரை நம்பச் சொல்றீங்க?"

கிழிஞ்ச தாள்

அவருக்காவது காரணம் இருக்கு, எனக்கு என்ன இருக்குன்னு அன்னைக்குச் சோறே இறங்கலை. அடுத்து வந்தது வண்டியூர்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூட டீச்சர். அரை மணி நேரத் தாளுக்கு மூணு மணி நேரம் எடுத்தாங்க. அழிச்சு அழிச்சுத் தாளே கிழிஞ்சிருச்சு. ஒழுங்கா இருக்குறது நல்ல குணந்தானே? ஆனா அரையாண்டுப் பரீட்சை வந்தும் காலாண்டுப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கலையாம்.

"தப்பாத் திருத்திருவேனோன்னு பயம்மா. பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியலை."

என் முறை

மூணு மாசமா டாக்டரம்மா டீ குடிக்கக் கூப்பிட்டா, தாளைக் கேட்டுருவாங்களோன்னு ஏதாச்சும் சாக்குச் சொல்லி ஓடுவேன். ஒருநாள் கதவுகிட்டயே மறிச்சுக் கேட்டுட்டாங்க. ஹேண்ட்பேக்குல இருந்து எடுத்துக் கொடுத்தேன். அம்புட்டுத்தான், பொட்டியைக் கட்ட வேண்டியதுதான்னு நின்னேன். நிதானமாப் படிச்சாங்க.

"இந்தக் குணம் எனக்கும் உண்டு, உனக்குக் கொஞ்சம் தூக்கல். அதுக்காக நோயின்னு எழுத மாட்டேன். ஆனா ஒரு தாளுக்குப் பயந்து மூணு மாசமா என்கூட உட்கார்ந்து ஒரு டீ குடிக்காம ஓடினியே, அதைத்தாம்மா எழுதணும்."

இப்ப செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு டாக்டரம்மாவைப் பார்க்க வர்றவங்க உட்கார்ற பெஞ்சுலதான் நானும் உட்கார்ந்திருக்கேன். கிளினிக் ஸ்டாஃபுங்கிறதால டோக்கன் மட்டும் கிடையாது.