பொட்டு வைத்த ஃபீலர் கேஜ்

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் தங்கை மகனுக்குக் காதுகுத்து, மேலூர் தாண்டி அவர்கள் குலசாமி கோயிலில். அங்கே மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பிள்ளை காத்திருக்க, மடி கொடுக்க வேண்டிய நான் நடுவழியில் நின்றுபோன மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு கிரானைட் லாரியை மறித்து நானும் மனைவியும் ஏறிப் போனோம். நல்ல நேரம் முடிந்துவிடும் என்று என் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்தியிருந்தார்கள். பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள் தங்கை. சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

வண்டியை ஒரு மினிவேனில் ஏற்றி வீடு திரும்பியதும் மனைவி பட்டுச்சேலையின் தூசியை உதறிக்கொண்டே சொன்னாள்: "வழியில நிக்கிற வண்டி வீட்டுல எதுக்கு? வித்துருவோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர் ரொம்ப நாளாக அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே போன் போட்டாள். ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமியன்று வாரேன் என்றார் அவர்.

கல்யாணமான புதிதில் நாங்கள் பழசாக வாங்கிய வண்டி அது. பெரிய டேங்க், அகலமான சீட், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகள். ராமேஸ்வரம், கொடைக்கானல், கன்னியாகுமரி என்று அவள் என் தோளைப் பிடித்தபடி போகாத ஊர் இல்லை. அதைப் போய் விற்பதா?

இத்தனைக்கும் வண்டி நின்ற காரணம் சின்னது. எஞ்சினுக்குள் வால்வை அமுக்கும் இடத்தில் டாப்பெட் என்று ஒரு திருகு உண்டு. அதைப் பூட்டி வைக்கும் நட்டு கழன்றிருந்தது. முந்தின வாரம் அதை முறுக்கியது சாட்சாத் நான்தான். அந்தக் காலத்து வண்டியின் நட்டு இஞ்ச் கணக்கு, என்னிடம் இருந்த ஸ்பேனரோ மில்லிமீட்டர் கணக்கு. பிடிப்பது போலப் பிடிக்கும், அழுத்தினால் நட்டின் மூலையைத் தின்றுவிட்டு வழுக்கும். ஸ்பேனர் சரியில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள்.

மறுநாளே சிம்மக்கல் பக்கம் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனேன். "இஞ்ச் வண்டியா மில்லி வண்டியாண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் ஒரு தட்டு நிறைய இரும்பை என் முன்னால் வைத்தார். எனக்குக் கண் விரிந்துவிட்டது. கிளட்சைப் பிடிக்க ஒன்று, மேக்னெட்டை இழுக்க ஒன்று, வால்வு ஸ்பிரிங்கை அமுக்க ஒன்று. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலைக்கு. அந்த வேலையைத் தவிர அதை வைத்து ஒரு தேங்காய்கூட உடைக்க முடியாது. எங்கோ எவனோ ஒரே ஒரு நட்டை நினைத்து உட்கார்ந்து யோசித்து இப்படி ஒரு சாமானைச் செய்திருக்கிறானே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

"கடையவே தூக்கிட்டுப் போயிராதீங்கண்ணே," என்றார் அவர். "என்ன வேலையோ, அதுக்கு உள்ளத மட்டும் எடுங்க."

நட்டில் அச்சாக உட்காரும் இஞ்ச் ஸ்பேனர் ஒன்று, டாப்பெட் தலையைத் திருப்பும் சின்னச் சாவி ஒன்று, பிறகு ஃபீலர் கேஜ். விசிறிபோல விரியும் இரும்புத் தகடுகள் அவை, ஒன்றைவிட ஒன்று மெல்லியது. வால்வுக்கும் டாப்பெட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் உரிய தகட்டை விட்டுப் பார்த்துத்தான் திருகை வைக்க வேண்டும். சூடேறினால் இரும்பு வளரும், வளர இடம் வேண்டும். ஆக மெல்லிய தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெங்காயச் சருகு அளவுகூட இல்லை. இம்புட்டு சந்துக்குள்ளா நாங்கள் கன்னியாகுமரி வரை போய் வந்தோம் என்று நினைத்ததும் மேலெல்லாம் சிலிர்த்தது.

வாங்கி வந்ததைக் கையாளுவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. வண்டியை விற்கப் போகிறவள்தான், ஆனாலும் மனைவி ஒரு குறையும் வைக்கவில்லை. வண்டிக்கு மாலை போட்டாள். ஸ்பேனரைக் கழுவித் துடைத்து வாழை இலையில் வைத்தாள். ஃபீலர் கேஜை முழுக்க விரித்து, ஒரு தகடு விடாமல் நுனியில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

"ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது. விஜயதசமி காலையில்தான் எடுத்தேன். புது ஸ்பேனர் நட்டைக் கவ்விய பிடியில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. வேண்டிய தகட்டைப் பிரித்தால் நுனியில் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கிறது. சாமிக்கு வைத்ததை, அதுவும் அவள் வைத்ததை, அழிக்க எனக்கு மனம் வரவில்லை. பொட்டோடு சந்துக்குள் விட்டேன். போகவில்லை. போகிற அளவுக்குத் திருகைத் தளர்த்திப் பூட்டினேன்.

வண்டியைக் கிளப்பினால், டக்கு டக்கு என்று தெருவுக்கே கேட்கிற சத்தம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. அடுப்படியிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

"புது சாமான் வாங்கியுமா இப்படி?"

ஒன்றும் புரியாமல் தகட்டை வெளிச்சத்தில் பார்த்தேன். எண்ணெயும் சந்தனமும் குழைந்து நுனியில் மஞ்சளாக அப்பிக்கிடந்தது. காட்டினேன். அவள் வாங்கி, விரலால் தடவி, கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ஒரு பொட்டு கனத்துக்கா இம்புட்டு சத்தம் போடுது?"

"ஆமா."

அவள் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. கடையில் நான் நின்ற மாதிரியே, வாயைத் திறந்தபடி வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து வந்தவள், அது இவ்வளவு நுணுக்கமான பிறவி என்று அன்றைக்குத்தான் பார்க்கிறாள். நானும்தான்.

"நான் வச்ச பொட்டு, நானே எடுத்துக்கிறேன்," என்று முந்தானையால் ஒவ்வொரு தகடாகத் துடைத்தாள். பிறகு, கேஜின் மேல்மூடியில் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். "இங்க இருந்தா யாருக்கும் இடைஞ்சல் இல்லைல?"

எஞ்சின் ஆறினால்தான் மறுபடி அளக்க முடியும். பக்கத்திலேயே உட்கார்ந்து பூஜைப் பொரியைத் தின்றுகொண்டு காத்திருந்தோம். அடிக்கடி எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. ஆறியது. இந்த முறை அவள் தகட்டைப் பிடித்தாள், நான் திருகைப் பூட்டினேன். அதே நேரம் பார்த்துச் சோழவந்தான்காரர் வாசலில் வந்து நின்றார்.

"என்னண்ணே, பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

எஞ்சின் மூடியை மாட்டிக் கிளப்பினேன். தாளம் தப்பாமல், மெத்தென்று ஓடியது. அவர் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். "அடேங்கப்பா! இப்பவே எடுத்துக்கிறேன்," என்றார்.

நான் ஹேண்டில்பாரை விடவில்லை. மனைவி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணே, வழியில நிக்கிற வண்டியத்தான் விக்கிறதாச் சொன்னேன். காப்பி குடிச்சுட்டு இருங்க, நாங்க மேலூர் வரைக்கும் போறோம். வழியில நின்னுச்சுன்னா அங்கயிருந்தே போன் போடுறேன், வந்து எடுத்துக்கங்க."

அவர் சிரித்துவிட்டார். காப்பியைக் குடித்துவிட்டு, வெத்திலைக் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் மேலூரில் தங்கை வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்தினோம். வழி நெடுக இருபுறமும் பச்சை நெல். லாரி ஏறின இடம் வந்தபோது தோளில் இருந்த கை இறுகியது, கடந்ததும் தளர்ந்தது. சத்தம் கேட்டுத் தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். காதில் சின்னதாகத் தோடு. நான் இறங்கக்கூட இல்லை, வண்டியில் இருந்த என் மடியில் அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள்.

"இன்னொரு காதும் இருக்குண்ணே," என்றாள். "மாமன் வரட்டும்னு நாந்தான் குத்தவிடல."