88.5 என்பது பூட்டு அல்ல

வாக்கிடாக்கிப் பொறுப்பு என் கைக்கு வந்த முதல் நாளில், எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு நாற்பது கூடை முட்டைக்கோஸ் வந்துகொண்டிருப்பதாகத் தகவல் கிடைத்தது.

தொழிற்சாலை சூப்பர்வைசர், மலை மேலுள்ள தோட்டப் பகுதியான மேல் டிவிஷனைக் கூப்பிட்டு எவ்வளவு கொழுந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். அதே நொடியில் கியா பார்ம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டக்காரர் தம்முடைய லோரி டிரைவரிடம் பேசியிருக்கிறார். நாங்கள் வாங்கியிருந்தது லைசன்ஸ் தேவைப்படாத பொது அலைவரிசை செட்டுகள். காசு கொடுத்து வாங்கிய யாரும் அதே அலைவரிசையில் பேசலாம். சூப்பர்வைசர் கையில் செட்டோடு ஆபிசுக்கு வந்து, "கிராணிம்மா, முட்டைக்கோஸ எந்த மெஷின்ல போடறது?" என்று கேட்டார். அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் தவமணி. அதுவரை செக்ரோல் என்ற ஆள்பேர்ப் பதிவேட்டை எழுதும் கிராணியாக, அதாவது எழுத்தராகத்தான் இருந்தேன். ரேடியோ வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், பெட்டிக்குள் இருந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்ததுதான். எங்கள் துரை, அதாவது தோட்ட மானேஜர், கோலாலம்பூரில் வளர்ந்த தமிழர். யாரிடம் எது சொன்னாலும் "லிசன்" என்று தொடங்குவார், "புரியுதா இல்லையா" என்று முடிப்பார். அன்றைக்கும் அப்படித்தான்: "லிசன் தவமணி, நீதான் புக் படிக்கற ஆளு. இதப் பாத்துக்க. புரியுதா இல்லையா?"

புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

டோன் போட்ட கதை

ரேடியோவில் யாரும் பேசாதபோது "ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அதை அடைத்து வைக்கும் கதவுக்குப் பெயர் ஸ்குவெல்ச். சிக்னல் வந்தால் கதவு திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், அந்தக் கதவுக்கு ஆள் தெரியாது. எங்கள் கங்காணி பேசினாலும் திறக்கும், முட்டைக்கோஸ்காரர் பேசினாலும் திறக்கும்.

ஆள் தெரிவதற்காகப் போடுவதுதான் டோன். பேசுகிறவரின் குரலுக்கு அடியில் செட் ஒரு மெல்லிய ரீங்காரத்தையும் சேர்த்து அனுப்பும். நம் காதுக்கு அது வராதபடி ஸ்பீக்கருக்கு முன்னாலேயே வடிகட்டிவிடுவார்கள். கேட்கிற செட்டில் 88.5 ஹெர்ட்ஸ் என்று டோன் வைத்திருந்தால், 88.5 ரீங்காரத்தோடு வரும் பேச்சுக்கு மட்டும் கதவு திறக்கும். வேறு யார் பேசினாலும் செட்டின் பச்சை விளக்கு எரியும், சத்தம் வராது.

மேல் டிவிஷனுக்கு ஒன்றாம் சேனல், 88.5. தொழிற்சாலைக்கு இரண்டாம் சேனல், 123.0. லோரிகளுக்கு மூன்றாம் சேனல், 103.5. இப்படிப் பிரித்தேன். மூன்றுக்கும் அலைவரிசை ஒன்றுதான், டோன் மட்டும் வேறு. பன்னிரண்டு செட்டையும் ஒவ்வொன்றாக கேபிளில் மாட்டி, கம்ப்யூட்டரில் நம்பர் அடித்து ஏற்ற வேண்டும். நான் நம்பரை அடித்துவிட்டு, அதை செட்டுக்குள் எழுதி வைக்கும் "ரைட்" பட்டனை அழுத்தாமலே ஆறு செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். பாதி செட்டுகள் பேசவில்லை. அரை நாள் யாரும் யாரையும் கூப்பிட முடியவில்லை. கொழுந்து வழக்கம்போல வந்து சேர்ந்தது. அதை யாரும் துரையிடம் சொல்லவில்லை.

எல்லாம் சரியான பிறகு, யாரும் சேனல் மாற்றும் குமிழைத் திருப்பிக் கெடுத்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு செட்டின் தலையிலும் கறுப்பு டேப் ஒட்டினேன். மேல் டிவிஷன் கங்காணி பாக்கியம் அக்கா தன் செட்டை வாங்கும்போது கேட்டார்:

"மணி, இனிமே நாங்க பேசறது கீழ கேக்காதுதானே?"

"கேக்காதுக்கா."

அன்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் மூலம். மலையில் டோனுக்குப் பூட்டு என்றே பெயர் வந்துவிட்டது.

ஸ்கேனர்

பெட்டியில் ஒரு ஸ்கேனரும் இருந்தது. அது பேசாது, கேட்க மட்டும் செய்யும். பக்கத்தில் யார் யார் எந்த அலைவரிசையில், எந்த டோனில் பேசுகிறார்கள் என்று தேடிக் காட்டும். இரண்டு வாரம் கழித்து அதை என் மேசையில் வைத்து, கூரை ஏரியலோடு இணைத்து, டோன் எதுவும் போடாமல் ஓடவிட்டேன். எங்கள் அலைவரிசையில் வந்து நின்றது. திரையில் 88.5 தெரிந்தது.

"லிசன். இன்னிக்கு மழை பெய்யக் கூடாது. நான் மீட்டிங்ல சொல்லிட்டேன். புரியுதா இல்லையா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். துரையின் குரல். அதே மூக்கடைப்பு, அதே இழுப்பு. பிறகு இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், துரை கையில் செட் எதுவும் இல்லாமல் தம் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விளங்கியது, மேல் டிவிஷன் டோனில் துரை மாதிரிப் பேசியது பாக்கியம் அக்கா.

தினமும் காலை பத்து மணிக்குத் தேநீர் இடைவேளையில், மற்ற இரண்டு கங்காணிகளுக்காக அவர் நடத்தும் நிகழ்ச்சி அது. பூட்டுப் போட்டிருக்கிறது என்ற தைரியம். டோன் எதையும் பூட்டுவதில்லை. டோன் போடாத செட் எதுவாக இருந்தாலும், டோன் போட்டவர் பேசுவது அத்தனையும் அதில் கேட்கும். இதை நான் அன்றே மேலே ஏறிப் போய் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் தேநீர் நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, துரை தமக்கும் ஒரு ஸ்கேனர் வேண்டுமென்றார். லோரி எங்கே நிற்கிறது என்று மேசையிலிருந்தே தெரிய வேண்டுமாம். வாங்கி, தொழிற்சாலை டோனையும் லோரி டோனையும் மட்டும் ஏற்றிக் கொடுத்தேன். மேல் டிவிஷன் ஏன் கேட்கவில்லை என்று கேட்டார். நடுவில் மலை மறைக்கிறது என்றேன். முதலில் அக்காவிடம் கேக்காது என்றது தெரியாமல் செய்த தப்பு. இது தெரிந்தே சொன்ன பொய்.

மண் இறங்கிய காலை

மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். என் ஸ்கேனரில் பாக்கியம் அக்காவின் சொந்தக் குரல் வந்தது. பத்து மணி ஆகவில்லையே என்று நிமிர்ந்தேன்.

"சேகர், வண்டிய நிப்பாட்டு. வளைவுல மண்ணு இறங்குது. சேகர்."

மறுபடியும் அதே. மறுபடியும் அதே. சேகர் எங்கள் லோரி டிரைவர். மூட்டை ஏற்றும் ஆட்கள் நாலு பேர் பின்னால் உட்கார்ந்திருக்க, காலி லோரியை மேல் டிவிஷனுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வளைவுக்கு மேலே மண் அசைவது அக்காவுக்குத் தேயிலை நிரையிலிருந்து தெரிகிறது, கீழே லோரி ஏறி வருவதும் தெரிகிறது. சேகருக்கு இரண்டும் தெரியாது. அவர் செட்டில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்திருக்கும். பதற்றத்தில் பூட்டின் ஞாபகமே இல்லாமல் அக்கா கூப்பிடுவது 88.5-இல். சேகரின் கதவு திறப்பது 103.5-க்கு. அந்தக் கதவை அடைத்தது நான்.

உடனே என் செட்டை எடுத்து லோரி சேனலில் கூப்பிட்டேன். பதிலில்லை. அந்த ரோட்டுக்கும் ஆபிசுக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. துரையிடம் பொய்யாகச் சொன்ன காரணம் இங்கே நிஜமாக நின்றது. கைப்பேசிக்கும் அங்கே சிக்னல் கிடையாது. சேகரோடு நேராகப் பேசக்கூடிய இடத்தில் இருந்தவர் அக்கா ஒருவர்தான். ஒன்றாம் சேனலுக்கு மாறினேன்.

"அக்கா, செட்டு தலையில இருக்கற டேப்ப பிச்சிடுங்க. குமிழ மூணுக்குத் திருப்பிக் கூப்பிடுங்க."

"நீ எப்படி மணி இதுல வந்த?"

"அப்புறம் சொல்றேன்க்கா. திருப்புங்க."

மழையில் நனைந்த விரல்களால் அந்த டேப்பைப் பிய்ப்பது லேசில்லை. என் ஸ்கேனர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 103.5 என்று வந்தது. அக்கா கூப்பிட்டார். சேகர் சொன்ன பதில் எனக்கு எட்டவில்லை, பிறகு அவரே சொன்னார். "அக்கா, இது லோரி சேனல் லா. மேடு ஏறிட்டிருக்கேன், நிப்பாட்டினா சறுக்கும். வைங்க" என்றாராம்.

பிறகு கேட்டது:

"லிசன் சேகர். வண்டிய அங்கயே நிப்பாட்டி ரிவர்ஸ் எடு. புரியுதா இல்லையா?"

சேகர் "யெஸ் சார்" என்று சொல்லிவிட்டு பிரேக்கை மிதித்தார். பின்னால் எடுத்து, ரோடு அகலமாக இருந்த இடத்தில் போய் நின்றார். அவர் கைபிரேக் போட்டு இறங்குவதற்குள் வளைவின் மேல் சரிவு இரண்டு மரங்களோடு ரோட்டில் வந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை. பின்னால் இருந்த நாலு பேரில் ஒருவர் ரோட்டோரமே உட்கார்ந்து வாந்தியெடுத்தார்.

நான் செட்டை மேசையில் வைப்பதற்குள் ஆபிஸ் அறைக் கதவு திறந்தது. துரை தம் ஸ்கேனரைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"தவமணி," என்றார், "நான் இப்ப பேசினேனா?"

விசாரணை

மத்தியானம் பாக்கியம் அக்காவை ஆபிசுக்குக் கூப்பிட்டார்கள். ரோடு அடைபட்டதால் தேயிலைக்கு நடுவே நடந்தே இறங்கி வந்தவர், சேறு படிந்த பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, வேலை போய்விட்டது என்ற முடிவோடு வந்து நின்றார். எவ்வளவு நாளாக இது நடக்கிறது என்று துரை கேட்டார். எட்டு மாசம் என்றார் அக்கா, ஒளிக்காமல். துரை என் பக்கம் திரும்பினார். எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றேன். மலை மறைக்கிறது என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

துரை கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். பிறகு அக்காவைக் கேட்டார்: "நான் நெசமாவே மூக்கால பேசறேனா?"

அக்கா யோசித்தார். "சளி பிடிச்சிருக்கப்ப மட்டுந்தான் ஐயா."

"அவனுக்கு எதுக்கு என் குரல்? உன் குரல்ல சொன்னா நிப்பாட்ட மாட்டானா?"

"மொதல்ல என் குரல்லதான் ஐயா சொன்னேன். நிப்பாட்டல."

அன்று சாயங்காலமே துரை சேகரை அழைத்து, ஆபத்து என்று எந்தத் தொழிலாளி சொன்னாலும் வண்டியை நிறுத்த வேண்டும் என்றார். எல்லா டிரைவர்களுக்கும் அது எழுத்தில் போனது. எனக்குக் கிடைத்தது ஒரு வாரம் முழுக்கத் திட்டு. அக்காவுக்கு எந்தத் தண்டனையும் இல்லை, பத்து மணி நிகழ்ச்சி மட்டும் நின்றுபோனது.

நான் எல்லா டேப்பையும் பிய்த்தேன். அவசரத்துக்கென்று பதினாறாம் சேனலை டோன் இல்லாமல் திறந்துவிட்டு, எல்லா செட்டுகளும் ஸ்கேன் முறையில் அதையும் கேட்கும்படி ஏற்றினேன். ஒவ்வொரு செட்டிலும் "ரைட்" அழுத்தினேனா என்று இரண்டு தடவை பார்த்தேன். முதல் சோதனைக்குத் துரையே பதினாறில் வந்து, "லிசன், எல்லாருக்கும் கேக்குதா?" என்றார். சேகர், "போதும்க்கா, மானேஜர் ஏற்கெனவே கோவமா இருக்காரு" என்று பதில் சொன்னார்.

இப்போது புதிதாக ரேடியோ வேலைக்கு வருகிறவர்களுக்கு செட் ஏற்றக் கற்றுக்கொடுக்கும்போது நான் பிரித்துக் காட்டுவது இரண்டு விஷயம்தான். டோன் போட்டால் நம் பேச்சு யாருக்கும் மறையாது, நம் காதுதான் அடைபடும். அதனால் செட்டை ஏற்றி முடித்ததும், யார் குரல் நமக்கு வரக் கூடாது என்று மட்டும் சரிபார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அவசரத்தில் யார் கூப்பிட்டால் நமக்குக் கேட்டே ஆக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அவர்களை மலைக்கு அனுப்பி, அங்கிருந்து கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகு கேபிளைக் கழற்றுங்கள்.