மிளகாய் மண்டியில் தும்மாத மூக்கு

கல்யாணமான மூன்றாம் மாதமே என் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு நாகர்கோவிலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காரணம் என் குறட்டை என்றாள். "மூக்கச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வாறேன்." சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். திரும்பி வராமலே இருந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

என் மூக்கோ ஆரியசாலைக் கடைத்தெருவில் பேர்பெற்றது. தாய்மாமாவின் மிளகாய் மண்டியில் மூட்டையைப் பிரித்தால் சுமை தூக்கும் சுமட்டுக்காரர் முதல் சரக்கு வாங்க வந்தவர் வரை எல்லோரும் தும்முவார்கள். நான் மட்டும் வற்றல் குவியலுக்குப் பக்கத்தில் காலை நீட்டிப் பேப்பர் படிப்பேன். சின்ன வயதிலிருந்தே இடது மூக்கு அடைப்பு, வலது அரைகுறை. மாமா அதைச் சளி என்று முடிவுகட்டி, "மிளகா நெடி ஏறுனா எந்த அடைப்பும் தொறந்துரும்லே மருமவனே" என்று வைத்தியமாகத்தான் என்னை அங்கே உட்காரவைத்தார். வருஷக்கணக்காகியும் திறக்கவில்லை. அவரும் வைத்தியத்தைக் கைவிடவில்லை.

அவள் போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மலையாளி டாக்டரம்மா நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "சளி ஒந்நும் இல்ல. மூக்கிண்டெ பாலம் வளஞ்ஞிருக்கு." இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் உண்டாம், பின்பக்கம் எலும்பு, முன்பக்கம் குருத்தெலும்பு. என்னுடையது இடப்பக்கம் சாய்ந்து வழியை மறித்துக்கொண்டிருந்தது. சொட்டு மருந்து வீக்கத்தைத்தான் குறைக்கும், சுவரை நிமிர்த்தாது. ஆபரேஷன் செய்தால் மூச்சு நன்றாக வரும். "பக்ஷே குறட்டை முழுசா மாறும்னு நான் உறப்பு சொல்ல மாட்டேன், கேட்டோ" என்றார். எனக்கு வேண்டியதே குறட்டை நிற்பதுதான். இருந்தாலும் சம்மதித்தேன்.

"மூக்க அறுத்துட்டா மொகத்துல என்னலே மிஞ்சும்?" என்று மாமா குதித்தார். வெளியே கத்தியே படாது, எல்லாம் உள்ளேதான் என்று சொல்லியும் நம்பவில்லை. ஆபரேஷன் முடிந்து பஞ்சடைத்துக் கிடந்தபோது என் மூக்கு இருக்கிறதா என்று தொட்டே பார்க்க வந்தார். நர்ஸ் கையைத் தட்டிவிட்டார்.

பஞ்சை எடுத்து, வீக்கமும் வற்றிய பிறகு ஒரு காலையில் காற்று சில்லென்று உள்ளே போனது. இவ்வளவு காற்றையா ஊர்க்காரர்கள் இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள்! கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. உடனே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி அவளுக்குப் போன் போட்டேன். அந்த வாரமே அவள் வந்துவிட்டாள்.

மறுபடி மண்டிக்குப் போன அன்று உட்கார்ந்த இடத்திலேயே தும்மத் தொடங்கினேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். மாமா கடைத்தெருவையே கூட்டிவிட்டார். "பாத்தியளா, நம்ம மிளகா வைத்தியம் இப்பத்தான் பிடிச்சிருக்கு!"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். அது முகத்தைக் கடந்து போகும்போது அடுக்கடுக்காகத் தும்மல். அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்பமாவது தெரிஞ்சுதா?"

"என்ன?"

"நான் ஊருக்குப் போனது இந்த மிளகா நெடிக்குத்தான். பக்கத்துல படுத்தா கண்ணு எரியும். உங்களுக்கு ஒரு மணமும் தெரியாது. தெரியாத மனுசன்கிட்ட நாறுதுன்னு எப்படிச் சொல்ல?"

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. "அப்பம் குறட்டை?"

"அது இப்பவும் உண்டே. அது எனக்கு எப்பமோ பழகிட்டு."