அகழிக்குக் காவல்

பழைய இடங்களுக்குக் காவல் நிற்பவருக்குக் கள்ளரால் வரும் தொல்லை குறைவு, "இதிலை பாக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களால்தான் அதிகம். ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிக் களைத்தவர்களே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், மொன்றியலில் டோர்வலுக்கு அப்பால் ஆற்றங்கரையில் இருந்த இடிந்த கல்மாளிகை ஒன்றுக்கு நான் காவலாளி. இடைக்காலப் பிரான்சில் பிரபுக்கள் வீட்டைச் சுற்றி அகழி வெட்டுவார்களாம். அந்தப் பழக்கம் விடாத ஒருவர் இங்கே வந்தும் வெட்டியிருந்தார்.

தண்ணியைக் காணேல்லை

எங்கள் ஆக்கள் நிறைய இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புல் மண்டிய பள்ளத்தைக் காட்டி, "இதுதான் அகழி" என்றேன். பிள்ளைகள் உடனே அதில் உருளத் தொடங்கினார்கள். கரை இடியும் என்று பிரெஞ்சில் கெஞ்சித்தான் மேலே ஏற்றினேன். தகப்பன் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, யாழ்ப்பாணக் கோட்டை அகழியிலை தண்ணியாவது கிடக்கும். இதை ஆர் தூக்கிக்கொண்டு போகப்போகினம்?"

தங்கம் தேடியவர்

உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு ஒரு கிழவர் அகழிக்குள் தோண்டிக்கொண்டிருந்தார். எங்கள் தொல்லியலாளர் மொனிக் பதறி ஓடிவந்து திட்டித் தீர்த்தாள். அவர் அழாத குறையாக, போன ஞாயிறு அங்கே விழுந்த தன் கலியாண மோதிரத்தைத் தேடுவதாகச் சொன்னார். பிறகு மூவருமாகப் புல்லைத் தடவினோம். மொனிக்கின் கையில்தான் அகப்பட்டது. கிழவர் பெருமூச்சு விட்டார்: "பிரபுவின் புதையல் எனக்கு வேண்டாம், மேடம். இனி நான் வீட்டுக்குப் போகலாம்."

மண் லொறி

அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாமா என்று பார்க்க ஒரு நாள் அதிகாரிகள் வர இருந்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது, பக்கத்துக் காணியில் வீடு கட்டுபவர்களின் லொறி ஒன்று அகழி விளிம்பில் பின்பக்கமாக நின்றது. மண் பெட்டி மெல்ல உயர்ந்தது. "அரெத்தே!" என்று பிரெஞ்சில் நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினேன். நிற்கவில்லை. "ஐயோ, நிப்பாட்டுங்கோ!" என்று என்னை அறியாமல் தமிழில் அலறினேன். கொஞ்சம் மண் சரிந்ததோடு பெட்டி அப்படியே நின்றது. சாரதி இறங்கி ஓடிவந்தார்: "ஏதோ கழிவு வாய்க்கால் எண்டெல்லோ நினைச்சன், அக்கா. பிரெஞ்சிலை கத்தினது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை!"

அறிவிப்பு

சிந்திய மண்ணை மொனிக்கும் நானும் அன்றே அள்ளி அகற்றினோம். வசந்தத்தில் நல்ல செய்தி வந்தது. மொனிக் கரையில் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள்: "இனி இதை யாரும் மூட முடியாது. போய் நிம்மதியாக ஒரு கோப்பி குடித்துவிட்டு வா."

அகழியைக் காக்கிறவருக்குக் கிடைக்கும் பெரிய வெற்றி, பள்ளம் பள்ளமாகவே இருப்பதுதான்.