காப்பிக்கு முந்தின மாத்திரை

சித்திரை வெயிலில் பாளையங்கோட்டைத் தார்ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும்போது, சிவசண்முகம் அண்ணாச்சி கழுத்து மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். தாலுகா ஆபீஸில் அவர் தலைக்கு மேலே மின்விசிறி ஓடக்கூடாது.

"குத்தாலத்துல குளிச்சிட்டு நேரா ஆபீஸா அண்ணாச்சி?" என்பான் பக்கத்து மேஜை மகேஷ்.

"சிரிலே, சிரி. எனக்குல்லா குளிருது" என்பார், பைய. நடை பைய, பேச்சு பைய. அவர் ஒரு கொட்டாவியை முடிப்பதற்குள் முன்னால் வைத்த டீ ஆறிப்போகும்.

சொதி என்றால் மட்டும் ஆள் வேறு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் ஊற்றுகிற தேங்காய்ப்பால் குழம்பு அது. சொந்தத்தில் யார் வீட்டு விருந்தானாலும் சமையல்கார முத்துமாலை முதல் சொட்டை அண்ணாச்சியின் உள்ளங்கையில்தான் விடுவார். அண்ணாச்சி நக்கிப் பார்த்துக் கண்ணை மூடித் தலையாட்டினால்தான் இலை விழும்.

அந்தக் கைக்குத்தான் தடை வந்தது. மனைவி பிரம்மநாயகி டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா கோயம்புத்தூர்க்காரர். "கழுத்துல தைராய்டு சுரப்பி லேசா மந்தமா இருக்குதுங்க. அது மந்தமானா ரத்தத்துல கொழுப்பும் தேங்குமுங்க. இந்த மாத்திரை போட்டு ஒரு மணி நேரங் கழிச்சுத்தான் காப்பி. தேங்காய்ப்பால் வேண்டவே வேண்டாம்."

"ஒங்க கழுத்துக்கும் கவர்மெண்டு வேலை கெடச்சிட்டா அண்ணாச்சி?" என்றான் மறுநாள் ஆபீஸில் மகேஷ்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. ஐப்பசியில் மகள் விஜயஸ்ரீக்குக் கல்யாணம். மகள் மறுவீட்டில் அப்பன் மோரை ஊற்றிச் சாப்பிடுவதா?

மாத்திரையை ஒருநாள் விடவில்லை. ஆடியில் திரும்ப ரத்தம் கொடுத்தால், சுரப்பியும் அசையவில்லை, கொழுப்பும் அசையவில்லை. கொழுப்புக்குத் தனியாக இன்னொரு மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்த டாக்டரம்மா, என்ன தோன்றியதோ, நிமிர்ந்தார்.

"காப்பி எத்தனை மணிக்குங்க?"

"எட்டரைக்கு. அஞ்சு இட்லி."

"காப்பியக் கேட்டேனுங்க."

"அதத்தான் சொல்லுதேன். அஞ்சு இட்லி. ஞாயித்துக்கெழமைன்னா தோசை."

"சரி, மாத்திரைய எதுலங்க முழுங்குறீங்க?"

"காலைல காப்பியில."

"இப்பத்தானே எட்டரைன்னீங்க?"

"அது காப்பி. இது வெறுங் காப்பில்லா?" என்றார் அண்ணாச்சி, இதுகூடத் தெரியாமல் எப்படி டாக்டருக்குப் படித்தார் என்ற கவலையோடு.

பிரம்மநாயகிதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எடுத்துச் சொன்னாள். இந்த ஊரில் காப்பி என்றால் காலைப் பலகாரம்; குடிக்கிற காப்பிக்குப் பேர் வெறுங் காப்பி. டாக்டரம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "மாத்திரைச் சத்து ஒடம்புல சேர விடாம அந்த வெறுங் காப்பிதானுங்க மறிச்சிருக்குது! தண்ணியில முழுங்குங்க."

அதற்குப் பிறகு காலை ஒரு மணி நேரம் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, ஃபில்டரைச் சுற்றிச் சுற்றி நடப்பார். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். "ஏட்டி, வாசம் பிடிச்சா குத்தமா?" என்று கேட்டு அடுக்களையிலிருந்து துரத்தப்படுவார்.

புரட்டாசியில் ரிசல்ட் வந்தது. சுரப்பி எழுந்து வேலை பார்க்கிறதாம். கொழுப்பும் இறங்கிவிட்டது, அந்த இன்னொரு மாத்திரை இல்லாமலே. "மறுவீட்டன்னைக்கு ஒரு கரண்டி ஊத்திக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

"எந்தக் கரண்டி?" என்றார் அண்ணாச்சி.

இப்போது ஆபீஸில் விசிறியைப் போடச் சொல்வதே அவர்தான். மப்ளர் மட்டும் இறங்கவில்லை. "இன்னும் எதுக்கு அது?" என்று பிரம்மநாயகி கேட்டால், "கெடக்கட்டும்ட்டீ. குளிர் திரும்பி வந்துட்டுன்னா?" என்பார்.

மறுவீட்டுக் காலை. முத்துமாலை முதல் பாலை ஊற்றினார். உருளியில் சொதி ஓரமெல்லாம் நுரை கட்டி மேலே வந்தது. இனி ஒரு கொதி வந்தாலும் திரிந்துவிடும்.

"எறக்கணும்! பிடிதுணி எங்கவே?"

எல்லோரும் துணி தேடினார்கள். அண்ணாச்சி கழுத்திலிருந்து மப்ளரை ஒரே இழுப்பில் உருவி, முத்துமாலை கையில் திணித்தார். உருளி தரைக்கு வந்ததும் வெறுங்கழுத்தோடு குனிந்து உள்ளங்கையை நீட்டினார்.